அரை மணி நேரம், ஒரு வாதம்: எம்பிஏ நுழைவுக் கட்டுரைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, அகமதாபாத் ஐஐஎம்மிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதோடு ஏடபிள்யூடி (அனலிட்டிகல் ரைட்டிங் டெஸ்ட்) என்று ஓர் எழுத்துத் தேர்வும் உண்டாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் ஜிமேட் அல்லது ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு எழுதி வெளிநாட்டில் முயற்சி செய்யலாம் என்று எண்ணம். அண்ணன் வைத்திருந்த பழைய ஜிமேட் புத்தகத்திலுள்ள வாத அலசல் கட்டுரைகளை எழுதிப் பார்க்கிறேன். என்ன எழுதுவது என்று விழிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை, முடிவுரைக்கு நேரமே இருப்பதில்லை. பயிற்சி மையத்தில் ஒரு டெம்ப்ளேட் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? என் ஆங்கிலம் இதற்குப் போதுமா? நான் எழுதிய ஒரு கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, திருப்பூர்

பதில்: வணக்கம். முதலில் வாழ்த்துகள். தமிழ் வழியில் படித்து, வேலையும் பார்த்துக்கொண்டே அந்த அழைப்பை வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையை முழுக்கப் படித்தேன். அதற்கு வருமுன் எந்தத் தேர்வு என்ன கேட்கிறது என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். உங்கள் கையில் இருக்கும் புத்தகம் பழையது, தேர்வுகள் மாறிவிட்டன.

ஜிமேட்டில் இப்போது கட்டுரையே கிடையாது. 1994-ல் கட்டுரைப் பகுதி இரண்டு கட்டுரைகளோடு தொடங்கியது. ஒன்று ஒரு பொருளைப் பற்றிய உங்கள் கருத்து, இன்னொன்று பிறர் சொன்ன வாதத்தை அலசுவது. 2012 ஜூனில் கருத்துக் கட்டுரையை எடுத்தார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாத அலசலும் போய்விட்டது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றது. இன்றைய ஜிமேட் 45 நிமிடப் பகுதிகள் மூன்று, மொத்தம் 64 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை.

ஜிஆர்ஈயில் கட்டுரை உண்டு, ஆனால் வேறு வகை. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது அவர்களும் வாத அலசலை நீக்கிவிட்டு, கருத்துக் கட்டுரையை மட்டும் 30 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அங்கே உங்கள் நிலைப்பாட்டைத்தான் கேட்கிறார்கள். அதற்கான தலைப்புகளின் முழுப் பட்டியலையும் தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ஜிஆர்ஈ எழுதும் நாள் வந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு தயாராகுங்கள். இப்போது அதைத் தொட வேண்டாம். இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் பழகினால் ஒன்றின் பழக்கம் மற்றதில் கலந்துவிடும். உங்கள் கட்டுரையில் ஏற்கெனவே அது கலந்திருக்கிறது.

அகமதாபாத் ஏடபிள்யூடி தான் பழைய ஜிமேட் கட்டுரைக்கு நெருங்கிய உறவு. ஒரு சிறிய பத்தியில் யாரோ ஒருவர் முன்வைக்கும் வாதத்தைக் கொடுத்து, அது எவ்வளவு தாங்கும் என்று அலசச் சொல்கிறார்கள். மற்ற பல ஐஐஎம்களில் டபிள்யூஏடி என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒரு தலைப்பைப் பற்றிக் கருத்து எழுதுவது. அங்கிருந்தும் அழைப்பு வந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். நேரம், பக்க அளவு, கையால் எழுதுவதா தட்டச்சா என்பதை எல்லாம் உங்கள் அழைப்புக் கடிதம் சொல்வதே இறுதி. ஆக, அண்ணன் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அகமதாபாத்துக்கு அது சரியான பயிற்சிதான். நாளைக்கு ஜிமேட் எழுதினாலும் வெர்பல் என்ற மொழிப் பகுதியில், ஒரு வாதத்தின் பலம் பலவீனத்தைக் கேட்கும் கிரிட்டிகல் ரீசனிங் கேள்விகள் இதே மூளைவேலையைத்தான் கேட்கும்.

இனி உங்கள் கட்டுரை. நீங்கள் எடுத்துக்கொண்டது பழைய ஜிமேட்டில் பலருக்கும் தெரிந்த தலைப்பு. ஒலிம்பிக் ஃபுட்ஸ் என்ற உறைபதன உணவு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குச் சொல்கிறது: காலப்போக்கில் நிறுவனங்கள் வேலையைக் கற்றுத் தேறுவதால் செலவு குறைகிறது. கலர் ஃபிலிம் பிரிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் ஐந்து நாள் காத்திருந்து வாங்கிய 3க்கு 5 அங்குல பிரிண்ட் 50 சென்ட். 1984-ல் ஒரே நாளில் கிடைத்த பிரிண்ட் 20 சென்ட். உணவுப் பதப்படுத்தலுக்கும் இதே விதி பொருந்தும். நாம் விரைவில் 25-வது ஆண்டைக் கொண்டாடப் போகிறோம். ஆகவே நம் நீண்ட அனுபவம் செலவை மிகக் குறைத்து, லாபத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும்.

இதற்கு உங்கள் இரண்டாவது பத்தி என்ன சொல்கிறது? உறைபதன உணவு உடம்புக்கு நல்லதல்ல, மக்கள் இப்போது புதிதாகச் சமைத்ததையே விரும்புகிறார்கள், ஆகவே இந்த நிறுவனத்துக்கு லாபம் வராது என்கிறது. நல்ல ஆங்கிலத்தில், உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நிறுவனத்துக்கு லாபம் வருமா வராதா என்று தேர்வு உங்களிடம் கேட்கவில்லை. அவர்கள் காட்டும் ஆதாரம் அவர்கள் சொல்லும் முடிவைத் தாங்குகிறதா என்று கேட்கிறது. லாபம் ஒருவேளை கொட்டோ கொட்டென்று கொட்டலாம், அப்போதும் இந்த வாதம் ஓட்டை வாதம்தான். நீங்கள் அவர்களுடைய முடிவுக்கு எதிராக இன்னொரு முடிவை வைத்தீர்கள், அதுவும் ஆதாரம் இல்லாமல். திருத்துபவர் பார்வையில் இப்போது ஓட்டை வாதம் இரண்டாகிவிட்டது.

உங்கள் பத்து நிமிடம் எங்கே போகிறது என்பதற்கும் காரணம் இதுதான். தலைப்பைப் பார்த்ததும் 'இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?' என்று மனம் தேட ஆரம்பிக்கிறது. உறைபதன உணவைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தேடித் தேடி ஒன்றும் அகப்படாமல் பதற்றம் கூடுகிறது. இந்தக் கட்டுரைக்கு வெளியுலக அறிவு ஏறக்குறைய தேவையே இல்லை. வேண்டியதெல்லாம் அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது.

இதை நீங்கள் ஆபீஸில் தினமும் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 'போன சீசன்ல இந்தச் சாயப்பட்டறையில ஷேடு மாறவே இல்ல, அதனால இந்த ஆர்டரையும் அங்கேயே கொடுத்திடலாம்' என்று ஒருவர் சொன்னால் உடனே என்ன கேட்பீர்கள்? போன சீசன் என்ன கலர், அதே துணியா, அதே ஜிஎஸ்எம்மா (துணியின் எடைக் கணக்கு), நூல் அதே மில்லா, அப்போது எத்தனை கிலோ போட்டோம், இப்போது எத்தனை? 'அந்தப் பட்டறை மோசம்' என்று சொல்ல மாட்டீர்கள். போன சீசன் அனுபவம் இந்த ஆர்டருக்குச் செல்லுபடியாக வேண்டுமென்றால் என்னென்ன மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பீர்கள். வாத அலசல் கட்டுரை என்பது அந்தக் கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதுவதுதான்.

ஒலிம்பிக் ஃபுட்ஸிடம் அதே மாதிரி கேட்டுப் பார்ப்போம். முதலில் வாதத்தை ஒரே வரியில் சுருக்குங்கள்: ஃபிலிமில் விலை குறைந்தது, நாங்கள் 25 வருடமாக இருக்கிறோம், ஆகவே செலவு குறையும், லாபம் உச்சத்துக்குப் போகும். இந்த வரியில் 'ஆகவே' வரும் இடத்திலும், ஒரு துணுக்கிலிருந்து அடுத்த துணுக்குக்குத் தாவும் இடத்திலும் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்று பாருங்கள்.

ஃபிலிமிலிருந்து உணவுக்குத் தாவியது எல்லோர் கண்ணிலும் படும். பிரிண்ட் போடுவது பெரும்பாலும் இயந்திர வேலை, புதுக் கருவி வந்தால் செலவு சட்டென்று குறையும். உணவில் காய்கறி, இறைச்சி விலை விளைச்சலைப் பொறுத்தது. குளிர்பதனத்துக்கு மின்சாரம் வேண்டும், பொருள் கெட்டுப்போகும், சுகாதார விதிகள் உண்டு. இவற்றில் பலவற்றை அனுபவத்தால் குறைக்க முடியாது. இதைச் சொன்னால் நல்லது. ஆனால் இதோடு நின்றால் சராசரிக் கட்டுரை, ஏனென்றால் இதை எல்லோரும் சொல்வார்கள்.

இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அந்த 50 சென்ட்டும் 20 சென்ட்டும் யாருடைய செலவு? ஐந்து நாள் சேவை, ஒரு நாள் சேவை என்று வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அது அவர் கடையில் கொடுத்த விலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரருக்கு ஆன செலவு எவ்வளவு என்று பத்தியில் இல்லவே இல்லை. போட்டி கூடியதால் விலை குறைந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த எண்கள் லாபம் கூடியதைக் காட்டவில்லை, சுருங்கியதைக்கூடக் காட்டலாம். தன் வாதத்துக்குத் துணையாகக் கொண்டுவந்த ஆதாரமே எதிர்ப்பக்கம் சாட்சி சொல்லக்கூடும் என்று காட்டினீர்களானால், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். இதற்கு ஃபிலிம் தொழில் தெரிந்திருக்க வேண்டாம். காஸ்டிங் ஷீட் போட்ட கை உங்களுடையது, விலை வேறு செலவு வேறு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

விலை குறைந்ததற்கு 'கற்றுத் தேறியது' தான் காரணம் என்றும் சும்மா எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்குள்ளேயே வைக்கக்கூடிய சிறிய பிரிண்டிங் இயந்திரங்கள் வந்தது காரணமாக இருக்கலாம். அப்படியானால் புதிதாகத் தொடங்கிய கடையும் அதே விலைக்குக் கொடுத்திருக்கும், அனுபவத்துக்கு அங்கே வேலை இல்லை. அதைத் தொட்டே 25-வது ஆண்டு விஷயம் வருகிறது. ஒரு நிறுவனம் 25 ஆண்டுகள் இருந்தது என்பதும் 25 ஆண்டுகள் கற்றுக்கொண்டது என்பதும் ஒன்றல்ல. இதுவரை அவர்களுடைய செலவு குறைந்து வந்திருக்கிறதா? குறைந்திருந்தால் அந்தச் சொந்தக் கணக்கைக் காட்டாமல் ஃபிலிம் கடைக் கணக்கை ஏன் காட்டினார்கள்? கடைசியாக, செலவு குறைந்தால் லாபம் உச்சத்தைத் தொடும் என்ற தாவல். விற்பனை படுத்துவிட்டால் செலவு குறைந்து என்ன பயன்?

இத்தனையையும் எழுத நேரம் போதாது, எழுதவும் கூடாது. அரை மணி நேரத்தில் மூன்று ஓட்டைகளை ஆழமாகப் பேசும் கட்டுரை, ஏழு ஓட்டைகளை வரிக்கு ஒன்றாக அடுக்கும் கட்டுரையைவிட எப்போதும் மேல். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பத்தி. அதற்குள் நான்கு விஷயம் வர வேண்டும்: வாதம் எதைச் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது, அது ஏன் பொய்யாக இருக்கக்கூடும், பொய்யானால் முடிவுக்கு என்ன ஆகிறது, எந்தத் தகவல் கிடைத்தால் இந்த ஓட்டை அடைபடும். நான்காவதைத்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பழைய ஜிமேட்டின் அறிவுறுத்தலிலேயே, எந்த ஆதாரம் வாதத்தைப் பலப்படுத்தும், எந்த மாற்றம் அதைச் சீராக்கும் என்பதையும் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். நிர்வாகம் படிக்க வருபவரிடம் எதிர்பார்ப்பதும் அதுதான். இன்னின்ன எண்களைக் கொண்டுவாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம் என்று சொல்பவர்தான் வேண்டும், எல்லாம் தப்பு என்பவரை வைத்துக்கொண்டு யாரும் நிறுவனம் நடத்த முடியாது.

உங்கள் ஃபிலிம் பத்தியை இப்படி மாற்றலாம். சிந்தனை ஓட்டம் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன். 'பிரிண்ட் விலை 50 சென்ட்டிலிருந்து 20 சென்ட்டாகக் குறைந்ததை, தயாரிப்புச் செலவு குறைந்ததற்கான சான்றாக அறிக்கை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த எண்கள் வாடிக்கையாளர் கொடுத்த விலையைக் குறிப்பதாகத் தோன்றுகிறது. போட்டியின் காரணமாக, செலவு அப்படியே இருக்க, விலை மட்டும் குறைந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் இந்த உதாரணம் லாபம் சுருங்கியதையே காட்டும், நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குத் தரும் நம்பிக்கைக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டுகளில் ஒரு பிரிண்ட்டுக்கு ஆன தயாரிப்புச் செலவை அறிக்கை தந்திருந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.' ஐந்து வாக்கியம்தான். 'லாபம் வராது' என்று எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இருக்கலாம்', 'நடந்திருந்தால்' என்றுதான் போகிறது. உறுதியாக மறுத்தால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும்.

நேரக் கணக்கு. முப்பது நிமிடம் என்றால் முதல் ஆறேழு நிமிடம் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒரு தாளில் வாதத்தைச் சுருக்கி, தாவும் இடங்களைக் குறித்து, வலுவான மூன்றைத் தேர்ந்து, வரிசை எண் போடுங்கள். எது விழுந்தால் மொத்த வாதமும் விழுமோ அது முதலில் வரட்டும். நேரம் போதாமல் மூன்றாவது பத்தி மெலிந்தாலும் முக்கியமானது உள்ளே போயிருக்கும். அடுத்த இருபது நிமிடம் எழுத்து. முன்னுரைக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும்: இவர் இதைச் சொல்கிறார், இதற்கு இந்த ஆதாரம் தருகிறார், இன்னின்ன காரணத்தால் அது போதவில்லை. உங்கள் முன்னுரை பதினோரு வரி, அதில் எட்டு வரி தலைப்பையே திருப்பிச் சொல்கிறது. திருத்துபவர் அந்தத் தலைப்பை ஏற்கெனவே படித்தவர். கடைசி மூன்று நிமிடம் வாசித்துத் திருத்த. ஜிஆர்ஈயின் தட்டச்சுத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாது, அதை நம்பிப் பழகியிருந்தால் வீட்டில் இப்போதே அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

'நிறுத்தத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். தாளில் மூன்று எண் போட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்பும்போதுதான் கை நிற்காமல் ஓடுகிறது.

டெம்ப்ளேட் வேண்டாம். முன்னுரை, மூன்று பத்தி, முடிவு என்ற எலும்புக்கூடு மனதில் இருக்கலாம், அதில் தவறில்லை. உங்கள் மையம் கொடுத்த காகிதத்தைப் பார்த்தேன், அதில் முழு வாக்கியங்களே இருக்கின்றன. ஃபிலிமுக்கும் பொருந்தும், பேருந்துக் கட்டணத்துக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்ட வாக்கியம் எதைப் பற்றியும் எதையும் சொல்லாது. ஒரே நாளில் வரிசையாகத் தாள்களைப் படிக்கும் ஆசிரியருக்கு அதே வாக்கியம் வேறு நான்கு தாள்களில் கண்ணில் பட்டால் உங்கள் உழைப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். ஜிஆர்ஈயில் இது இன்னும் ஆபத்து. மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகும் கட்டுரைகளை மென்பொருள் வைத்துத் தேடுகிறார்கள், மதிப்பெண்ணையே ரத்து செய்யும் உரிமையும் ஈடிஎஸ்ஸுக்கு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்.

உங்கள் ஆங்கிலம் போதும். நீங்கள் அனுப்பியதில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, ஆனால் பொருள் புரியாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஜிஆர்ஈயில் ஆறுக்கு ஆறு வாங்கும் கட்டுரையிலும் சிறு பிழைகள் இருக்கலாம் என்று அவர்களுடைய மதிப்பீட்டு விளக்கமே சொல்கிறது. நீங்கள் தடுமாறுவது நீண்ட வாக்கியங்களில்தான். மூன்று 'விச்' கோத்து ஒரே வாக்கியமாக எழுதியதை மூன்றாக உடையுங்கள். பையருக்கு மெயில் எழுதும்போது எப்படிச் சுருக்கமாக, குழப்பமில்லாமல் எழுதுவீர்களோ அதே ஆங்கிலம் போதும். அகராதியைப் புரட்டிப் பெரிய சொற்களைச் சேர்க்க வேண்டாம். பழக வேண்டியது சில இணைப்புச் சொற்களைத்தான்: 'அஸ்யூம்ஸ்', 'அன்லெஸ்', 'ஈவன் இஃப்', 'இட் இஸ் பாசிபிள் தட்'. இந்தக் கட்டுரையின் சுமையைத் தூக்குபவை இவைதான். இவற்றை வைத்துத் தினம் நான்கைந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

பயிற்சியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். தினமும் முழுக் கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டு, தினம் இரண்டு தலைப்புக்குத் திட்டம் மட்டும் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம். ஜிமேட்டும் ஜிஆர்ஈயும் அந்தக் காலத்தில் வாத அலசல் தலைப்புகளின் பட்டியலை வெளியிட்டிருந்தன, தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. பத்துப் பதினைந்து தலைப்பு தாண்டியதும் ஒரே ஓட்டைகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் இதனால்தான் அது என்பது, வேறு ஊரில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்பது, சிலரிடம் கேட்டுவிட்டு எல்லோரும் அப்படித்தான் என்பது, சதவீதத்தையும் எண்ணிக்கையையும் குழப்புவது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடிகாரம் வைத்து முழுக் கட்டுரை. எழுதியதை அன்றே திருத்தாமல் மறுநாள் படியுங்கள். ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும் 'இது அவர்கள் வாதத்தைப் பற்றியதா, என் கருத்தா?' என்று குறித்துக்கொண்டு வாருங்கள். 'என் கருத்து' என்ற குறிப்பு குறைய ஆரம்பித்தால் சரியான வழியில் போகிறீர்கள். அழைப்புக் கடிதம் கையால் எழுதச் சொன்னால் பயிற்சியும் கையால்தான். வருடக்கணக்கில் கீபோர்டிலேயே இருந்த விரலுக்கு ஒரு பக்கம் ஓடுவதற்குள் வலி வந்துவிடும்.

ஏடபிள்யூடியை அளவுக்கு மீறிச் சுமக்கவும் வேண்டாம். அகமதாபாத் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட சேர்க்கை விதிகளில் அதன் பங்கு 10 சதவீதம்தான், நேர்முகத்தின் பங்கு அதைவிடப் பல மடங்கு. ஆபீஸ் முடிந்து கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுங்கள், மீதியை நேர்முகத்துக்கு வையுங்கள். உங்கள் வேலையைப் பற்றி, திருப்பூரின் சாயக் கழிவுநீர் பற்றி, நூல் விலை பற்றி எல்லாம் கேட்பார்கள்.

முடிவுரைக்கு நேரம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பத்தி முடியும்போது ஒரு நிமிடம்தான் மிச்சம் என்றால் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இன்ன இரண்டு தகவல்கள் இல்லாமல் இந்த முடிவை ஏற்க இயலாது. எந்த இரண்டு தகவல் என்பதை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். அதுவே முடிவுரை.